உழுதவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில்: பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் 1947 பிரிவினை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இதே பிரிட்டிஷ்காரர்கள் இதே காலத்தில் பாலஸ்தீனத்தையும் சண்டைக்கு நடுவில் விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. காஸா செய்திகளை தினமும் பார்க்கிறவர்களுக்கு மனதில் கேள்விகள் இருக்கின்றன, கேட்க இடமில்லை என்று தெரிகிறது. அதனால் இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியை, பென்னாகரம்: யூதர்களும் முஸ்லிம்களும் இரண்டாயிரம் வருடமாக அடித்துக்கொள்கிறார்கள், அது மதச் சண்டை, தீரவே தீராது என்று எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா ஐயா?

இல்லை அம்மா. இஸ்லாம் தோன்றியே 1,400 வருடம்தான் ஆகிறது, அதிலேயே அந்தச் செய்தி அடிபட்டுப்போகிறது. 1099-ல் சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமுக்குள் புகுந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியபோது அவர்களில் பெரும் பகுதியினருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் துருக்கியின் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் பாயசித். அதற்காக யூதர்கள் அங்கே ராஜா மாதிரி வாழ்ந்தார்கள் என்று சொல்லவில்லை, தனி வரி உண்டு, கீழ்ப்படி அந்தஸ்து உண்டு, அவ்வப்போது தொல்லையும் உண்டு. ஆனால் ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியாஸ் ஆகிய நான்கு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அரபு மொழி பேசும் அண்டை வீட்டாரோடு அவர்கள் இருந்தார்கள். யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் நடந்தது.

நாம் இன்று பார்க்கிற சண்டையின் தொடக்கம் 1880-கள். ரஷ்யாவில் யூதர்கள் மீது கலவரங்கள் நடந்து, அங்கிருந்து தப்பியவர்களில் ஒரு சிறு பகுதி 1882 முதல் பாலஸ்தீனத்துக்கு வந்தது. 1897-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தியோடர் ஹெர்சல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1891-ல், ஜெருசலேமின் அரபுப் பிரமுகர்கள் நிலம் விற்பதையும் குடியேற்றத்தையும் நிறுத்தச் சொல்லி, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட துருக்கியின் தலைநகரான இஸ்தான்புல்லுக்கு மனு அனுப்பிவிட்டார்கள். மனுவில் இருந்தது நிலமும் பிழைப்பும்தான். எனவே உங்கள் குழுவில் யாராவது இரண்டாயிரம் வருடம் என்றால், சுமார் 140 வருடம் என்று திருத்திவிடுங்கள்.

கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்: ஒரே நிலத்தை பிரிட்டன் எப்படி இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தது? யாருமே எதிர்க்கவில்லையா?

இரண்டு இல்லை, மூன்று வாக்கு. முதல் உலகப் போரில் துருக்கி எதிரணியில் இருந்தது. அரபுகள் துருக்கிக்கு எதிராகக் கிளம்பினால் தனி அரபு ராஜ்யத்துக்கு ஆதரவு தருவோம் என்று 1915-16-ல் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மக்மஹோன், மெக்காவின் ஷெரீஃப் ஹுசைனுக்குக் கடிதம் எழுதினார். அதில் பாலஸ்தீனம் சேர்த்தியா இல்லையா என்று பிறகு பல வருடம் வாதாடினார்கள். அந்த மை காய்வதற்குள் 1916-ல் சைக்ஸ்-பிகோ என்ற ரகசிய ஒப்பந்தத்தில் பிரான்சோடு அதே பகுதிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1917 நவம்பர் 2-ல் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டனின் யூதத் தலைவர்களில் ஒருவரான ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் உதவும் என்றது அந்தக் கடிதம். அங்கே ஏற்கெனவே இருந்த மற்றவர்களின் குடிமை உரிமை, மத உரிமை கெடக்கூடாது என்றும் அதிலேயே சேர்த்தார்கள். தங்கள் ஊரை யார் ஆள்வது என்று தீர்மானிக்கும் அரசியல் உரிமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கடிதத்தில் பெயர்கூட இல்லை, "யூதரல்லாத சமூகங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

யாரும் எதிர்க்கவில்லையா என்று கேட்டீர்களே, அதுதான் நல்ல கேள்வி. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வின் மாண்டேகு. நம் பாடப்புத்தகத்தில் 1919 மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று படித்திருப்பீர்கள், அதே மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். அன்றைய அமைச்சர்களில் யூதர் அவர் ஒருவர்தான். பாலஸ்தீனம் யூதர்களின் நாடு என்று அறிவித்தால் மற்ற நாடுகளில் இருக்கும் யூதர்களை எல்லாம் அந்நியர் என்று துரத்த அது சாக்காகிவிடும் என்று 1917 ஆகஸ்டிலேயே கடுமையாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அக்டோபர் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்தபோது அவர் லண்டனில் இல்லை, சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். அதே வருட டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். இன்னொரு விஷயம், 1920-ல் பாலஸ்தீனத்தின் முதல் ஹை கமிஷனராகப் போன ஹெர்பர்ட் சாமுவேல் இவருடைய உறவினர், ஆனால் சியோனிசத்துக்கு ஆதரவானவர். ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. "யூதர்கள் எல்லோரும்", "அரபுகள் எல்லோரும்" என்று தொடங்குகிற எந்தப் பேச்சையும் நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், அரூர்: மாண்டேட் என்றால் காலனிதானே? வேறு பெயர் எதற்கு?

சட்டப்படி வேறு, நடைமுறையில் கிட்டத்தட்ட அதே. போரில் தோற்ற துருக்கியின் நிலங்களை, அவை தம் காலில் நிற்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் பிரிட்டனிடமும் பிரான்சிடமும் ஒப்படைத்தது, அந்த ஒப்படைப்புக்குத்தான் மாண்டேட் என்று பெயர். 1920 ஏப்ரல் சான் ரெமோ மாநாட்டில் முடிவு, 1922 ஜூலையில் சங்கத்தின் ஒப்புதல், 1923 செப்டம்பரில் நடைமுறை. இராக், சிரியாவுக்கு இல்லாத ஒன்று பாலஸ்தீன மாண்டேட்டில் இருந்தது: பால்ஃபர் வாக்குறுதியை அப்படியே ஆட்சியின் சட்டக் கடமையாக உள்ளே எழுதிவிட்டார்கள். தேர்வுக்கு இந்த ஒரு குறிப்பை மறக்காதீர்கள் தம்பி, மற்றதைவிட இதுதான் முக்கியம்.

விவசாயி, பாலக்கோடு: நிலத்தை விற்றது அரபுக்காரர்கள்தானே? காசு வாங்கிக்கொண்டு விற்றுவிட்டு அப்புறம் போச்சே என்று அழுதால் என்ன நியாயம்? நம் ஊரில் இப்படி ஒருத்தன் செய்தால் சும்மா விடுவோமா?

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் பாலக்கோட்டிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். விற்றவர்கள் அரபுகள் என்பது உண்மை. ஆனால் விற்றவர்களும் உழுதவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள் இல்லை.

1858-ல் துருக்கி அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. யார் பயிர் செய்கிறார்களோ அவர்கள் தங்கள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைக் கொடுத்தால் வரி வரும், அதைவிடப் பயம், பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் எத்தனையோ கிராமங்களில் குடியானவர்கள் பதிவுக்கே போகவில்லை, அல்லது ஊர்ப் பெரியவர், நகரத்து வியாபாரி பெயரில் எழுதிவிட்டு எப்போதும்போல உழுதார்கள். பல கிராமங்களில் நிலம் ஊருக்கே பொது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்கை மாற்றிக்கொள்வார்கள், அதைத் தனி ஆள் பெயரில் எப்படிப் பதிவது? அப்படிப் பதிவில்லாமல் கிடந்த நிலங்களை அரசே பணக்காரர்களுக்கு விற்றது. பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் இப்படித்தான் 1870 வாக்கில் வடக்கே ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில், அரபியில் மர்ஜ் இப்ன் ஆமிர் என்பார்கள், ஊர் ஊராக வாங்கியது. உழுதவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை, வாரத்தைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்தார். நிலம் தன்னுடையது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிரிட்டிஷ் ஆட்சி வந்தது. 1920-களில் சுர்சோக் குடும்பம் பெய்ரூட்டில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பள்ளத்தாக்கின் பெரும் பகுதியை யூத நிலம் வாங்கும் அமைப்புகளுக்கு விற்றது. முன்பும் நிலம் கைமாறியிருக்கிறது, அப்போதெல்லாம் முதலாளி மாறுவார், குத்தகைக்காரர் அங்கேயே இருப்பார். இந்த முறை வாங்கியவர்கள் தாங்களே உழுவதற்காக வாங்கினார்கள். யூத தேசிய நிதி வாங்கிய நிலத்தைத் திரும்ப விற்கக்கூடாது, அதில் யூதர்களே வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. ரஷ்யாவிலும் போலந்திலும் நிலம் வைத்துக்கொள்ள முடியாமல் விரட்டப்பட்டவர்கள், சொந்தக் கையால் உழ வேண்டும் என்று வந்தவர்கள், அவர்கள் பக்கத்தில் அதற்கு ஒரு உணர்ச்சி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயலில் தாத்தா காலத்திலிருந்து உழுதவர் கையில் கொஞ்சம் நஷ்டஈட்டைக் கொடுத்து எழுந்து போ என்றால் அவர் எங்கே போவார்? ஹைஃபா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டார். பிரிட்டனுக்கு எதிரான 1936 அரபுக் கிளர்ச்சிக்கு ஆள் சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கொட்டகைகளிலும் கிராமங்களிலும்தான்.

அரசு என்ன செய்தது? 1920-லேயே, நிலம் விற்றால் குத்தகைக்காரருக்குப் பிழைக்க வேண்டிய அளவு நிலம் விட வேண்டும் என்று சட்டம் போட்டது. வாங்குகிறவர்கள் நிலத்துக்குப் பதில் பணத்தைக் கொடுத்துச் சமாளித்தார்கள். 1930-ல் நேரில் விசாரித்துவிட்டுச் சொல்லச் சொல்லி சர் ஜான் ஹோப் சிம்ப்சன் என்பவரை அனுப்பினார்கள், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், விவசாயி பிரச்சினை தெரிந்தவர். இருக்கிற சாகுபடி முறையில் புதிய குடியேற்றத்துக்கு நிலம் போதாது என்று அவர் எழுதினார். அதை ஒட்டி ஒரு வெள்ளை அறிக்கையும் வந்தது. லண்டனில் எதிர்ப்பு கிளம்பியதும் மறுவருடமே பிரதமர் மெக்டொனால்டு ஒரு கடிதம் எழுதி அதைக் கிட்டத்தட்ட ரத்து செய்துவிட்டார். ஒன்றைச் சொல்வது, எதிர்த்தால் பின்வாங்குவது, இதுதான் முப்பது வருடமும் நடந்தது. அரபுத் தலைவர்களையும் விட்டுவிட முடியாது. மேடையில் விற்காதே என்று முழங்கிவிட்டு மறைவில் விற்றவர்கள் பெரிய குடும்பங்களிலேயே இருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 1947 வரை யூதர்கள் விலைக்கு வாங்கியிருந்த நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 7 சதவீதம்தான், மீதி எப்படிக் கைமாறியது என்பது 1948 போரின் கதை.

சரி, பாலக்கோட்டுப் பொருத்தத்துக்கு வருகிறேன். 1792-ல் திப்புவோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தர்மபுரி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய நம் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து, நடுவில் ஆள் இல்லாமல் உழுகிறவரோடு நேரடியாகக் கணக்குப் போடும் முறையைத் தொடங்கினார்கள், அதுதான் பிறகு ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் போனது. வரி கடுமை, கம்பெனி வந்தது வசூலுக்குத்தான், தர்மத்துக்கு இல்லை. இடையில் நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டு மிட்டாதார்களையும் உண்டாக்கினார்கள், அந்தக் கதையும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் உழுதவர் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறிய ஊர்களில் ஒரு குடும்பத்தை அப்படி லேசில் கிளப்ப முடியவில்லை. பெயர் ஏறாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே பத்து பேர் சாட்சி சொல்வார்கள். மர்ஜ் இப்ன் ஆமிரில் நடந்ததும் அதுதான் ஐயா. அவர்கள் விற்றுவிட்டு அழவில்லை, கேட்காமலே விற்கப்பட்டார்கள்.

ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கிருஷ்ணகிரி: எங்கள் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். சில்லறைச் சண்டை உண்டு, ஆனால் பிழைப்பு ஒன்றாகத்தான் நடக்கிறது. அங்கே மட்டும் ஏன் முடியவில்லை?

முடிந்த இடங்களும் இருந்தன அண்ணாச்சி. ஹைஃபா ரயில்வே பட்டறையில் அரபுத் தொழிலாளியும் யூதத் தொழிலாளியும் சேர்ந்து கூலி கேட்டார்கள். 1946 ஏப்ரலில் தபால், ரயில்வே, அரசு அலுவலக ஊழியர்கள் இரண்டு சமூகமும் சேர்ந்து நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானத்துக்கு ஒன்றரை வருடம் முன்புவரை அது முடிந்திருக்கிறது.

முடியாமல் போனதற்கு என் பார்வையில் பெரிய காரணம், ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு சபைகூட முப்பது வருடத்தில் அமையவில்லை. யூதர்களுக்கு யூத ஏஜென்சி, தனிப் பள்ளிகள், ஹிஸ்டட்ருட் என்ற தனித் தொழிற்சங்கம். முஸ்லிம்களுக்கு உச்ச முஸ்லிம் கவுன்சில், அதன் தலைமையில் ஜெருசலேம் முஃப்தி ஹஜ் அமீன் அல்-ஹுசைனி, அவரை 1921-ல் முஃப்தியாக அமர்த்தியதே பிரிட்டிஷ் ஹை கமிஷனர்தான். 1922-ல் ஒரு சட்டமன்றம் என்று சொன்னார்கள்: தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 12 பேர், அரசு அதிகாரிகள் 10 பேர், மேலே ஹை கமிஷனர். அந்த வருடக் கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 7,57,000 பேரில் யூதர்கள் சுமார் 84,000. இவ்வளவு பெரும்பான்மையாக இருந்தும் சபையில் அரபுகளுக்குப் பெரும்பான்மை இல்லை, பால்ஃபர் வாக்குறுதியைப் பற்றிப் பேசவும் அதிகாரமில்லை. அவர்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள், திட்டம் செத்தது. 1935-36-ல் இன்னொரு திட்டம் வந்தது, அது லண்டன் நாடாளுமன்றத்தில் அடிபட்டது. 1909-ல் இங்கே மதவாரித் தொகுதியைப் புகுத்தியவர்கள்தானே, மனிதர்களைச் சமூகமாகப் பிரித்து எண்ணுவது அவர்களுக்குக் கை வந்த பழக்கம்.

பேச இடமில்லாத ஊரில் வதந்திதான் பேசும். 1929 ஆகஸ்டில், யூதர்களுக்குப் புனிதமான ஜெருசலேமின் மேற்குச் சுவரில் யாருக்கு என்ன உரிமை என்ற தகராறு, அல்-அக்ஸா மசூதியை யூதர்கள் பிடிக்கப்போகிறார்கள் என்ற வதந்தியாக மாறியது. ஹெப்ரோனில் யூதர்கள் 67 பேரை அரபுக் கும்பல் கொன்றது, அவர்களில் பலர் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த, சியோனிசத்தோடு பெரிய தொடர்பில்லாதவர்கள். ஊருக்கே ஒரே ஒரு பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி. அன்றைக்கு நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிர் பிழைத்தது அரபு அண்டை வீட்டார் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்ததால்தான். அந்தக் கலவரங்களில் மொத்தம் 133 யூதர்களும் 116 அரபுகளும் இறந்தார்கள், அரபுகளில் பெரும்பாலோர் போலீஸ், ராணுவத் துப்பாக்கியில்.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, தர்மபுரி: அங்கே போலீஸை யார் நடத்தினார்கள்? இந்திய போலீஸ் தொடர்பு உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டேன்.

உண்டு ஐயா, நிறைய. 1922-ல் அங்கே போன பிரிட்டிஷ் படைப்போலீஸில் பலர் அயர்லாந்தில் மக்களை அடக்கிய "பிளாக் அண்ட் டான்ஸ்" ஆட்கள். 1929 கலவரத்துக்குப் பிறகு போலீஸைச் சீரமைக்க இலங்கையின் போலீஸ் தலைவர் ஹெர்பர்ட் டோபிகின் வரவழைக்கப்பட்டார். அரபுக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது கல்கத்தாவில் வங்காளப் புரட்சியாளர்களை ஒடுக்கிப் பெயர் வாங்கிய சர் சார்லஸ் டெகார்ட்டை அழைத்தார்கள். அவர் யோசனையில் நாடெங்கும் கான்கிரீட் போலீஸ் கோட்டைகளும் வடக்கு எல்லையில் முள்வேலியும் எழுந்தன. அந்தக் கோட்டைகளில் பல இன்றும் நிற்கின்றன, சிலவற்றில் இன்றும் போலீஸோ சிறையோ இருக்கிறது.

1936 ஏப்ரலில் தொடங்கிய அரபுகளின் பொது வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது. குடியேற்றத்தை நிறுத்து, நில விற்பனையை நிறுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கொடு, இவ்வளவுதான் கோரிக்கை. அந்த ஜூனில் யாஃபா பழைய நகரத்தில் வீடுகளை ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது, அதற்குச் சொன்ன காரணம் நகரச் சுகாதார மேம்பாடு! 1939-க்குள் சுமார் 5,000 அரபுகள் இறந்தார்கள், நூறுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவன் செய்ததற்கு ஊரையே தண்டிப்பது, வீட்டை இடிப்பது, விசாரணையில்லாமல் அடைத்துவைப்பது, இதையெல்லாம் 1945-ல் அவசரகாலப் பாதுகாப்பு விதிகளாகத் தொகுத்தார்கள், அப்போது அவை பாய்ந்தது யூத ஆயுதக் குழுக்கள் மீதும்தான். பிரிட்டன் போனது, விதிகள் போகவில்லை. மேற்குக் கரையில் தண்டனையாக வீடு இடிக்க இஸ்ரேல் காட்டுவது அதே 1945 விதிகளின் 119-ஆம் பிரிவு. ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராடிய நாட்டுக்காரனாக இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வாசகி, பர்கூர்: ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களையும் பிரிட்டன் தடுத்தது என்கிறார்களே?

தடுத்தது. 1933-ல் ஹிட்லர் வந்தபின் குடியேற்றம் ஏறியது, 1935-ல் மட்டும் 60,000-க்கும் மேல். அவர்கள் வேறு எங்கே போவார்கள்? அமெரிக்கா 1924-லேயே கதவைச் சாத்திவிட்டது, 1938-ல் எவியான் மாநாட்டில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கலைந்தன. 1937-ல் பீல் கமிஷன் நாட்டை இரண்டாகப் பிரிக்கலாம் என்றது, மறுவருடம் இன்னொரு கமிஷன் அது நடக்காது என்றது. அப்புறம் போர் நெருங்கியது, எண்ணெய்க்கும் சூயஸுக்கும் அரபு நாடுகளின் தயவு வேண்டும். உடனே 1939 மே மாத வெள்ளை அறிக்கை: ஐந்து வருடத்தில் 75,000 யூதர்களுக்கு மேல் அனுமதியில்லை, பத்து வருடத்தில் சுதந்திர நாடு. யூதர்களுக்கு உயிர்வாழ இடம் தேவைப்பட்ட நேரத்தில் சரியாகக் கதவு மூடியது. ருமேனியாவிலிருந்து கிளம்பிய ஸ்ட்ரூமா என்ற ஓட்டைக் கப்பலுக்குப் பாலஸ்தீன அனுமதி மறுக்கப்பட்டது, துருக்கியும் அதைக் கடலுக்குள் இழுத்து விட்டது, 1942 பிப்ரவரி 24-ல் கருங்கடலில் சோவியத் நீர்மூழ்கியின் குண்டு பட்டு மூழ்கியது. 700-க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தது ஒருவர்.

அதன்பின் யூத ஆயுதக் குழுக்கள் பிரிட்டன் மேலேயே பாய்ந்தன. 1946 ஜூலை 22-ல் ஜெருசலேமில் அரசு அலுவலகம் இயங்கிய கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் வைத்த குண்டுக்கு அரபு, யூதர், பிரிட்டிஷ் என்று 91 பேர் பலி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊத்தங்கரை: காந்தி, நேரு நிலைப்பாடு என்ன? ஐ.நா.வில் இந்தியா எப்படி வாக்களித்தது?

காந்தி 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில் எழுதினார்: என் அனுதாபமெல்லாம் யூதர்களோடுதான், ஆனால் இங்கிலாந்து எப்படி ஆங்கிலேயருடையதோ அப்படிப் பாலஸ்தீனம் அரபுகளுடையது, பிரிட்டிஷ் துப்பாக்கி நிழலில் யூதர்கள் அங்கே நுழையக்கூடாது என்பது சாரம். ஜெர்மன் யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்றும் அதில் சொன்னார். தத்துவவாதி மார்ட்டின் பூபர் அதற்கு வருத்தத்தோடு பதில் எழுதினார். நாஜிகளைப் பற்றிய அந்தப் பகுதியில் பூபர் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

1947 பிப்ரவரி 18-ல் வெளியுறவு அமைச்சர் பெவின் பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் விடுவதாக அறிவித்தார். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 20-ல், இந்தியாவை விட்டுப் போவதாக அட்லி அறிவித்தார். ஐ.நா. அமைத்த 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் பிரிக்காமல் ஒரே கூட்டாட்சி நாடாக வைக்கலாம் என்றன. எடுபடவில்லை. நவம்பர் 29-ல் 33 ஆதரவு, 13 எதிர்ப்பு, 10 நடுநிலை என்று பிரிவினை நிறைவேறியது, எதிர்த்த 13-ல் இந்தியா ஒன்று, பாகிஸ்தான் இன்னொன்று. மக்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் சுமார் 55 சதவீதம் என்றது திட்டம். பிரிட்டன் அதை நடைமுறைப்படுத்த மறுத்து, 1948 மே 14 நள்ளிரவில் யாரிடமும் சாவியைக் கொடுக்காமல் கிளம்பியது. இந்தியா இஸ்ரேலை 1950 செப்டம்பரில் அங்கீகரித்தது, முழுத் தூதரக உறவு 1992-ல்தான் வந்தது.

இல்லத்தரசி, நல்லம்பள்ளி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் யார் பக்கம்?

அம்மா, ஹெப்ரோனின் 67 பேருக்காகவும், 1948 ஏப்ரல் 9-ல் டெய்ர் யாசின் கிராமத்தில் கொல்லப்பட்ட நூறுக்கும் மேற்பட்ட அரபுகளுக்காகவும், நான்கு நாள் கழித்து ஜெருசலேமின் யூத மருத்துவமனையான ஹடாசாவின் வண்டிகளில் வழிமறித்துக் கொல்லப்பட்ட 78 பேருக்காகவும் எனக்கு ஒரே மாதிரிதான் வலிக்கிறது. ஆனால் அநியாயம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் நாட்டைப் பற்றி லண்டனில் முடிவெடுத்ததில். யூதர்களை வதைத்தது ஐரோப்பா, அதற்கான விலையை ஊரை இழந்து கொடுத்தது பாலஸ்தீனக் குடியானவர்கள், 1948-ல் மட்டும் 7 லட்சம் பேருக்கும் மேல். அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் பலர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். இஸ்ரேலில் இன்று பிறக்கும் குழந்தைக்கும் போக வேறு ஊர் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாசகர், ஓசூர்: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் "அந்தப் பக்கம்" போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பாலஸ்தீனத்தில் நம்மவர்கள் போரிட்டார்களா? அவர் பெயரை எங்கே தேடுவது?

போரிட்டார்கள். 1918 செப்டம்பர் 23-ல் ஹைஃபா நகரைத் துருக்கியரிடமிருந்து பிடித்ததே மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகள்தான், ஈட்டியோடும் வாளோடும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே பாய்ந்தார்கள். டெல்லி தீன்மூர்த்தி சிலைகள் அந்தப் படையின் நினைவுதான். பெங்களூரு ஜே.சி. நகரில் மைசூர் குதிரைப்படையின் நினைவுத் தூண் இருக்கிறது, ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடலாம்.

பெயர் தேட, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இறந்த, கல்லறை இல்லாத சுமார் 4,000 இந்திய வீரர்களின் நினைவு எகிப்தின் ஹீலியோபொலிஸில் இருக்கிறது. முதலில் சூயஸ் கால்வாய் ஓரம் போர்ட் தவ்ஃபீக்கில் இருந்தது, பிற்கால அரபு-இஸ்ரேல் போரில் அது இடிந்துபோனதால் பெயர்ப் பலகைகளைப் புதிதாக இங்கே வைத்தார்கள். தேடும்போது ஒன்று கவனியுங்கள்: தர்மபுரி மாவட்டம் 1965-லும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-லும்தான் வந்தன, அன்றைக்கு ஓசூரும் சேலம் ஜில்லாதான். அதனால் ஊர், ஜில்லா என்ற இடத்தில் சேலம் என்று தேடுங்கள், பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். அவர் மைசூர் சமஸ்தானப் படையில் சேர்ந்தாரா, பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தாரா என்பது வீட்டுப் பெரியவர்களிடம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பழைய பெட்டியில் மெடல் ஏதாவது இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் படைப்பிரிவின் பெயரும் அங்கே பொறித்திருக்கும். கிடைத்ததை எழுதி அனுப்புங்கள்.